பன்னிரண்டு மணிக்கு இடது பக்கம்

அத்தியாயம் 9

திங்கட்கிழமை மாலை டீசலின் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சின்னவள் போட்ட அலறல், மூன்று நாளாகியும் அண்ணியின் காதைவிட்டுப் போகவில்லை. இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

டீசல் என்பது பட்டறை வைத்த பெயர். பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன். ஜாக்கி நழுவித் தலையில் அடிபட்டதிலிருந்து, ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. கண் மட்டும் ஆளைத் தேடும். சின்னவள் அவன் மனைவி. தையல்காரி, கையில் இருப்பதைவிட வாயில் இருக்கும் கத்தரிக்கோல் கூர்மை.

டீசலுக்கு அண்ணன் மனைவிதான் அண்ணி. அவன் படுத்திருக்கும் பராமரிப்பு இல்லத்தின் தலைமை நர்ஸும் அவளே. "நான் இருக்கேன்ல, கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டுப் போ" என்று ஓரகத்தியிடம் சொல்லி அவனை அங்கே சேர்க்க வைத்தவளும் அவளே. டீசலுக்கு அண்ணி என்று தெரிந்த நாளிலிருந்து, வாட்ச்மேன் முதல் ஆயா வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை இருவருமாக டீசலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள். இன்று வியாழன். காலை எட்டு மணிக்கு அண்ணி வார்டுக்குள் நுழைந்தபோது, மூன்றாம் கட்டிலின் பக்கத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். தலைமை நர்ஸின் ஓரகத்தியிடம் யாரும் பார்வையாளர் நேரம் பேசுவதில்லை. கையில் ஒரு தாள். முகத்தில் சிரிப்பு. சின்னவள் கத்தினால் சமாளிக்கலாம். சிரித்தால் ஆபத்து.

"அக்கா, செவ்வாய்க்கிழமை நாம எங்கே இருந்தோம்?"

"பெரிய ஆஸ்பத்திரியில."

"எத்தனை மணியிலேருந்து?"

"எட்டரைக்குக் கிளம்பினோம். திரும்பறப்போ அஞ்சாயிடுச்சு. ஏன்?"

"இவரு நம்மகூட வந்தாரா, இல்ல இவரை இங்கேயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டோமா?"

"என்னடி கேள்வி இது? ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு வந்தானே!"

"அப்போ இதைப் படிங்க."

படுத்தவர் படுத்தபடியே இருந்தால் தோல் அழுகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பியதும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் ஷீட்டில் குறிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஷீட் அது. அண்ணி படித்தாள்.

பத்து மணி, வலது பக்கம், டிக். பன்னிரண்டு மணி, இடது பக்கம், டிக். இரண்டு மணி, மல்லாக்க, டிக். நான்கு மணி, வலது பக்கம், டிக். நடுவில் இரண்டு தரம் தண்ணீர் வேறு கொடுத்திருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்கு நாம எக்ஸ்ரே ரூம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தோம்" என்றாள் சின்னவள். "இவங்க இங்கேயிருந்தே கையை நீட்டி இவரை இடது பக்கம் திருப்பிட்டாங்களாம். என்னா நீளமான கை! இப்படிப்பட்ட கை இருக்கறப்போ புண்ணு எப்படிக்கா வரும்?"

அண்ணி தாளை மடிக்கப் போனாள்.

"நிறுத்திட்டீங்களே. கீழேயும் படிங்க."

கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. அதன்மேல் வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து. அண்ணியுடையது.

தினமும் காலையில் முந்தின நாளின் பதினெட்டு ஷீட்டையும் அடுக்கி அவள் மேஜைமேல் வைப்பார்கள். டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவாள். ஷீட்டுகள் மறுபடி கட்டிலுக்கே போய்விடும். நேற்றும் முடித்தாள். செவ்வாய்க்கிழமை முழுக்க டீசலின் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே கை, அன்று அவன் இங்கே நாலு தரம் புரண்டு படுத்தான் என்று புதன்கிழமை சாட்சி சொல்லியிருந்தது.

"பார்க்காம போட்டுட்டேன்" என்றாள்.

"ஓஹோ. பார்க்கறதுக்குத்தானே உங்களுக்கு அந்த நாற்காலி? நாங்க வேற என்னமோன்னு நினைச்சோம்."

அந்த நேரம் பார்த்து ஆயா வாளியோடு உள்ளே வந்தாள். பகல் முழுக்கப் பதினெட்டுக் கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான். முழங்காலில் பட்டி கட்டியிருந்தாள். சின்னவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"வாம்மா மகராசி! நீதானே அந்த நீளக் கைக்காரி?"

ஓங்கிய கைக்கும் ஆயாவுக்கும் நடுவே அண்ணி போய் நின்றாள்.

"கை நீட்டணும்னா என்மேல நீட்டு. அவகிட்ட நான் கேட்கறேன்."

"கேளுங்க. நல்லாக் கேளுங்க!"

"ஷீட்டை எப்போ எழுதுவே?"

ஆயா வாளியைக் கீழே வைத்தாள். மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"காலைல வந்ததும் அண்ணி. பதினெட்டு ஷீட்டுக்கும் சாயந்தரம் வரைக்கும் டிக் போட்டுட்டுத்தான் வாளியையே எடுப்பேன். அப்புறம் எழுத நேரம் ஏது?"

"திருப்பறது?"

"லேசா இருக்கறவங்களைத் திருப்பிடுவேன். டீசல் தம்பி எண்பது கிலோ. ஒத்தையாத் திருப்பினா அவரும் விழுவாரு, நானும் விழுவேன். யாராவது வந்தாக் கைகொடுக்கச் சொல்லுவேன். யாரு வர்றா?"

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

ஆயா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சொன்னேனே அண்ணி. ரெண்டு தடவை சொன்னேன். 'எப்படியாவது சமாளிச்சுக்கோ, ஷீட் மட்டும் காலியா இருக்கக் கூடாது'ன்னீங்க."

பளார் என்று அறைந்தது மாதிரி இருந்தது. ஓங்கியவள் சின்னவள், அறைந்தவள் ஆயா.

அண்ணிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். பகல் ஷிப்டுக்கு இருந்த மூன்று ஆயாக்களில் இரண்டு பேரை எடுத்துவிடப் போவதாக இயக்குநர் சொன்னார். அறையில் எல்லோரும் அண்ணியின் முகத்தைப் பார்த்தார்கள். இருபது வருஷ அனுபவம், அவள் முடியாது என்றால் முடியாது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "சமாளிச்சுக்கலாம் சார்" என்றாள். இயக்குநர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

சமாளித்தது யார்? இதோ, மூன்றாம் கட்டிலில் ஒருத்தன் சதையைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறான்.

"எய்தவ இங்கே நிக்கறேன். அம்பை ஏண்டி நோகறே?" என்றாள் சின்னவளிடம். "வா. நீயும் வா ஆயா. எல்லாரையும் பார்க்கணும்."

ஒன்றாம் கட்டிலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆயா தோளைப் பிடிக்க, சின்னவள் இடுப்பைப் பிடிக்க, அண்ணி போர்வையை விலக்கிப் பார்த்தாள். ஐந்தாம் கட்டிலில் ஒரு புண். ஒன்பதில் ஒன்று. பதினாலில் குதிகால் கறுத்துப் போயிருந்தது.

ஏழாம் கட்டிலில் ஒரு பழைய தபால்காரர். ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவரைத் தேடி இந்த மூன்று வருஷத்தில் ஒரு ஈ காக்கை வரவில்லை. திருப்பினார்கள். சின்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புண்ணின் அடியில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

கிழவர் முனகக்கூட இல்லை. ஆயாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் ஷீட்டுகளிலும் எல்லா நாளும் எல்லா மணிக்கும் டிக் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே அண்ணியின் கையெழுத்தும் இருந்தது.

"டீசலுக்குக் கத்தறதுக்கு நான் இருக்கேன்" என்றாள் சின்னவள், சுவரைப் பார்த்தபடியே. அவள் குரலில் கத்தரிக்கோல் இல்லை. "இந்த மனுஷனுக்கு யாருக்கா கத்துவா?"

அண்ணி ஐந்து பேருடைய ஷீட்டுகளையும் உருவி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

இயக்குநருக்கு இல்லத்தில் 'நல்லது சார்' என்று பெயர். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றாலும் நல்லது என்பார், ஆள் செத்துவிட்டார் என்றாலும் நல்லது என்பார். அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்டார். ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நல்லது. நீங்களே கண்டுபிடிச்சது ரொம்ப நல்லது. வெளியில தெரிஞ்சிருந்தா அசிங்கம்."

"அஞ்சு பேர் அழுகிக்கிட்டிருக்காங்க சார்."

"டிரெஸ்ஸிங் பண்ணுங்க. யார் வேணாங்கறா? அந்த ஆயாவை இன்னிக்கே அனுப்பிடுவோம். பொய் எழுதினா, போயிட்டா, விஷயம் முடிஞ்சது. இந்த ஷீட்டையெல்லாம் புதுசா எழுதி வெச்சிடுங்க."

"அவ கை எழுதினதுதான். எழுத வெச்சது நாம ரெண்டு பேரும்."

"எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க. அதுக்குப் பேர் தலைமை இல்லை." இயக்குநர் சிரித்தார். "உங்க கொழுந்தனுக்குத் தனி ரூம் தர்றேன். கூடவே இருக்க ஒரு ஆளும் போடறேன். உங்க குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது. அது என் பொறுப்பு."

"ஏழாம் கட்டிலுக்கு?"

"யாரு அது?"

மூன்று வருஷமாகத் தன் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் மனிதரை யார் என்று கேட்கிறார். அண்ணிக்கு உச்சந்தலை கொதித்தது.

"எலும்பு தெரியறது சார் அவருக்கு! எண்ணிப் பார்த்து ஆளைக் குறைச்சீங்களே, அப்போ கட்டில் நம்பராவது தெரிஞ்சிருக்கணும் இல்லையா? வாயில்லாதவங்க, கைகால் இல்லாதவங்கன்னுதானே நம்மகிட்ட விட்டுட்டுப் போறாங்க? அவங்களுக்கு வாயும் கையுமா இருக்கத்தானே நீங்களும் நானும்? நாம டிக் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!"

"சமாளிச்சுக்கலாம்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. அதையும் சேர்த்துத்தான் எழுதப் போறேன்."

இயக்குநர் அதற்கு நல்லது என்று சொல்லவில்லை. அண்ணி ஷீட்டுகளை மேஜையிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மாடிப்படி இறங்குவதற்குள் போன் அடித்தது. கணவர், பஸ் டிரைவர்.

"என்னம்மா பண்றே அங்கே? உங்க இயக்குநர் எனக்குப் போன் பண்றாரு! வீட்டு விஷயத்தை வீட்டோட முடிச்சுக்கலாம். தம்பிக்குத் தனி ரூம் தர்றேங்கறாரே, அது போதாதா?"

"உங்க தம்பிக்குத் தனி ரூம். மீதி நாலு பேருக்கு?"

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நீ என்ன பொறுப்பு?"

"பொறுப்புங்க! அதுக்குத்தான் வேலை! உங்க வண்டியில அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. பிரேக் பிடிக்கலைன்னா, உங்க தம்பியை மட்டும் இறக்கி விட்டுட்டு ஓட்டுவீங்களா?"

"வேலை போயிடும்டி" என்றார், குரலை இறக்கி.

"போகட்டும்" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. சத்தம் வராமல் அமுக்கிப் பைக்குள் போட்டாள்.

ஐந்து பேருக்கும் டிரெஸ்ஸிங் முடியப் பகல் ஒன்றரை ஆயிற்று. அதன்பிறகு சுகாதாரக் கண்காணிப்பு அலுவலகத்துக்கான படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். கட்டில் எண், புண்ணின் அளவு, ஷீட்டில் என்ன இருக்கிறது, உண்மையில் என்ன நடந்தது. எடுத்துவிட்ட இரண்டு ஆயாக்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய கூட்டம். தான் அன்று சொன்ன ஒரு வார்த்தை. 'பொறுப்பானவர்கள்' என்ற கட்டத்தில் முதலில் தன் பதவி, அடுத்து இயக்குநர். ஆயாவை அவள் எழுதவில்லை.

"உறவுக்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். நேர்ல வரணும்" என்றாள் சின்னவளிடம்.

"இவரை விட்டுட்டா?"

"ரெண்டு மணி நேரம்தான். ஆயா பார்த்துப்பா."

"நான் இருக்கேன், போயிட்டு வாங்க" என்றாள் ஆயா. சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டீசலின் கன்னத்தைத் தடவி, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவன் கண் வாசல்வரை அவள் பின்னாலேயே வந்தது.

அலுவலகத்தில் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிவம் முழுவதையும் நிதானமாகப் படித்தாள்.

"உங்க மேலேயே எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரியாம போட்ட கையெழுத்தெல்லாம் உள்ளே வெச்சிருக்கேன், பாருங்க. இது ஒண்ணுதான் தெரிஞ்சு போட்டது."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினாள். முத்திரை குத்தினாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து பார்க்கறோம்." சொல்லிக்கொண்டே போனை எடுத்து, இல்லத்துக்கே நம்பரைச் சுழற்றி, நாளை ஆய்வு என்று தெரிவித்தாள்.

சின்னவளுக்குக் கண் பிதுங்கியது. "என்னம்மா இது? திருடன் வீட்டுக்குப் போன் பண்ணி, 'நாளைக்கு வர்றோம்'னு சொல்லிட்டுப் போற போலீஸை இப்போதான் பார்க்கறேன்!"

"விதிம்மா. முன்கூட்டியே சொல்லணும்."

"வாயில்லாதவனுக்கு ஒரு விதியும் காணோம். அவனைப் படுக்கப் போட்டவனுக்கு எத்தனை விதி!"

அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னவோ உறுத்தியது. பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஏறி உட்கார்ந்த பிறகுதான் பையிலிருந்து போனை எடுத்தாள். பதினோரு தவறிய அழைப்புகள். எல்லாம் கணவராகத்தான் இருக்கும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஐந்துதான் அவருடையது. மீதி ஆறும் ஆயா.

கூப்பிட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

இல்லத்தின் வாசலில் வாட்ச்மேன் ஒரு உறையை நீட்டினான். தலையைக் குனிந்துகொண்டே நீட்டினான். "மன்னிச்சுக்குங்க அண்ணி. உங்களைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்காங்களாம். உள்ளே விடக் கூடாதுன்னு..."

அவள் உறையைப் பிரிக்கவில்லை. உள்ளே, தாழ்வாரத்தை ஒட்டி ஒரு ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் தபால்காரர். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை வண்டிக்காரன் பிடித்து இழுக்க, மறுமுனையை ஆயா பிடித்து இழுக்க, நடுவில் கிழவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"பார்வையாளர் நேரம் நாலிலேருந்து ஆறு" என்றாள் அண்ணி. "இப்போ மணி என்ன?"

"நாலரை."

"அப்போ வழியை விடு. நர்ஸா வரலை. என் கொழுந்தனைப் பார்க்க வந்திருக்கேன்."

வாட்ச்மேன் கதவைத் திறந்தான். அண்ணி ஓட ஆரம்பித்தாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவள் ஓடியதை அந்த இல்லத்தில் யாரும் பார்த்ததில்லை.

"கீழே இறக்கு அவரை!"

"நான் ஆர்டர்படி செய்யறேன்மா" என்றான் வண்டிக்காரன். "அஞ்சு பேரை வேற இடத்துக்கு மாத்தணும்னாங்க."

"எலும்பு தெரியற புண்ணு. இந்த ரோட்டுல குலுங்கிக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு தெரியுமா? டாக்டர் கடிதம் எங்கே? காட்டு!"

அவன் சட்டைப் பையைத் தடவினான். ஒன்றும் இல்லை. பிடி தளர்ந்தது. ஆயா ஸ்ட்ரெச்சரை விருட்டென்று தன் பக்கம் இழுத்து, உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அழுதிருக்கிறாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் அண்ணி! போனை எடுக்கலையே!"

சின்னவள் அதற்குள் வார்டுக்குள் ஓடியிருந்தாள். அலறல் வரும் என்று அண்ணி காத்திருந்தாள். அலறல் வரவில்லை. சின்னவள் வாசற்படிக்கு வந்து நின்றாள். கையில் டீசலின் போர்வை மட்டும் இருந்தது.

"கட்டில் காலியா இருக்குக்கா."

அண்ணி வண்டிக்காரனிடம் திரும்பினாள். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"இது ரெண்டாவது ட்ரிப்மா" என்றான். "முதல்ல அவரைத்தான் எடுக்கச் சொன்னாங்க. கொண்டுபோய் விட்டுட்டேன். அது நம்ம இல்லத்தோட இடம் மாதிரி தெரியலை. உள்ளே நர்ஸும் இல்லை, யாரும் இல்லை. ஒரு ஆள் மட்டும் கதவைத் திறந்துவிட்டான்."

மாடி ஜன்னலில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். காதில் போன். கீழே பார்த்ததும் திரையை இழுத்துவிட்டார்.

"ஆயா" என்றாள் அண்ணி. "நாலு பேர் இருக்காங்க உன்கிட்ட. ஒருத்தரைக்கூட வெளியே விடாதே."

"என்னைத் தாண்டித்தான் போகணும் அண்ணி."

அண்ணி ஆம்புலன்ஸின் முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சின்னவள் போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

வண்டிக்காரன் தயங்கி நின்றான். "யாரு உத்தரவுலம்மா நான் வண்டியை எடுக்கறது?"

"என் உத்தரவுல" என்றாள் அண்ணி. "அவனை எங்கே இறக்கினியோ அங்கே போ."